வாத்தியார் விசா: ஜே-யா, எச்-சா?

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி வரைக்கும் தூங்கலாம்னு திட்டம் போட்டுப் படுத்திருந்தவனை ஏழு மணிக்கே போன் எழுப்பிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா மகள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், பதினொரு வருஷ சர்வீஸ்.

“ஏல தம்பி, அமெரிக்காவுல டீச்சர் வேலைக்கு ரெண்டு இடத்துல இருந்து வந்திருக்கு. ஒருத்தன் ஜே-1ங்கான். இன்னொருத்தன் எச்-1பிங்கான். நீதான் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கியே, எதுல கையெழுத்துப் போட?”

கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவனுக்கு விசா பற்றி எல்லாம் தெரியும் என்பது நம்ம ஊர் நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எச்-1பி மட்டும்தான். அதுவும் என் டீமில் பாதிப் பேர் மார்ச் மாசம் ஆனால் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதால். ஜே-1 என்பது ஆராய்ச்சி பண்ணப் போறவங்க வாங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “அக்கா, ஒரு வாரம் டைம் கொடு” என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் கிடைப்பதெல்லாம் பட்டியல்தான். இதில் மூணு வருஷம், அதில் ஆறு வருஷம். இதில் மனைவியோ கணவரோ வேலை பார்க்கலாம், அதில் லேசில் முடியாது. சரி, ஏன் அப்படி? எங்கேயும் பதில் இல்லை. பத்து வருஷப் பழைய கோடை நம் தலையில் கட்டும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஏதோ ஒரு விசித்திரமான கண்டிஷன் இருக்கும். எழுதினவன் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பான். அவன் எந்தப் பிரச்சினைக்காக எழுதினான்னு தெரியாமல் அதைத் தொடவே முடியாது. அதனால் பழைய கதையைத் தோண்டினேன். தோண்டத் தோண்ட சுவாரசியமாக இருந்தது. அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விதிவிலக்கில் பிறந்தவர்

அமெரிக்கா ஆட்களை உள்ளே விடாமல் தடுக்கச் சட்டம் போட ஆரம்பித்த காலத்திலேயே, ‘இவரை மட்டும் விடலாம்’ என்ற பட்டியலில் ஆசிரியர் இருந்திருக்கிறார். 1880-ல் அமெரிக்காவும் சீனாவும் ஒரு ஒப்பந்தம் போட்டன. சீனத் தொழிலாளர்கள் வருவதை அமெரிக்கா கட்டுப்படுத்தலாம். ஆனால் ஆசிரியர்கள், மாணவர்கள், வணிகர்கள், சும்மா ஊர் பார்க்க வருபவர்கள், இவர்கள் எல்லாம் தாராளமாக வந்து போகலாம். 1882-ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தபோதும் கதவு மூடியது தொழிலாளிக்குத்தான். மற்றவர்கள் சீன அரசாங்கத்திடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அதில் பெயர், வயசு, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், முன்னே பார்த்த வேலை, இப்போ பார்க்கிற வேலை எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்க வேண்டும். இன்றைய விசா விண்ணப்பத்தின் கொள்ளுத்தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

1885-ல் இன்னொரு சட்டம். வெளிநாட்டுக்காரனோடு முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் போட்டு, டிக்கெட் எடுத்துக் கூட்டிவரக் கூடாது. கூலியைக் குறைக்க முதலாளிகள் கப்பல் கப்பலாக ஆள் இறக்குகிறார்கள் என்ற கோபத்தில் வந்த சட்டம். அதிலும் விதிவிலக்கு இருந்தது: நடிகர், கலைஞர், சொற்பொழிவாளர், பாடகர். 1891-ல் அந்த வரிசையில் பாதிரியார்களையும் கல்லூரிப் பேராசிரியர்களையும் சேர்த்தார்கள்.

நம்ம கதை 1917-ல் வருகிறது. அந்த வருஷம் ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசியாவில் ஒரு பெரிய பகுதியைக் கோடு போட்டு, இங்கிருந்து யாரும் வரக்கூடாது என்றார்கள். இந்தியா அந்தக் கோட்டுக்குள்ளே. விதிவிலக்குப் பட்டியலில் வக்கீல், மருத்துவர், வேதியியலாளர், சிவில் இன்ஜினியர், ஆசிரியர், மாணவர், எழுத்தாளர், வணிகர் என்று போகிறது. (சிவில்காரங்க அப்பவே உள்ளே. நாம் அப்போ பிறக்கவே இல்லை :-)

ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கியும் இருந்தது. விதிவிலக்கில் வந்தவர் அந்தத் தொழிலை விட்டால், அவரும் அவர் மனைவி மக்களும் சட்டவிரோதமாக இருப்பவர்களாகக் கருதப்படுவார்கள். அதாவது ஆசிரியராக இருக்கும் வரைதான் நீங்கள் மனுஷர். வேலை போனால் இருக்கும் உரிமையும் போச்சு. இந்தக் கொக்கியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஜே பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அமெரிக்க ராணுவத்தின் லாரி முதற்கொண்டு ஏகப்பட்ட சாமான் உலகம் பூரா கிடந்தது. வாங்க வேண்டிய நாடுகளிடம் டாலர் இல்லை. ஃபுல்பிரைட் என்ற செனட்டர் ஒரு யோசனை சொன்னார். சாமானை விற்போம், அந்தந்த நாட்டுப் பணத்திலேயே வாங்கிக்கொள்வோம், அந்தப் பணத்தில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் இங்கும் அங்கும் அனுப்புவோம். 1946 ஆகஸ்ட் 1-ம் தேதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். 1950 பிப்ரவரியில் நேரு காலத்து இந்தியாவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. நடுவில் 1948-ல் வந்த ஒரு சட்டம் பரிமாற்றத் திட்டத்தை இன்னும் அகலமாக்கியது. கூடவே பனிப்போர் தொடங்கிவிட்டது. வருபவர்கள் அமெரிக்காவைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு ஊர் திரும்பி, நாலு பேரிடம் சொல்ல வேண்டும். இதுதான் கணக்கு.

கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. வந்தவர்கள் திரும்பவில்லை என்றால்? நாலு பேரிடம் சொல்வது யார்?

அதனால்தான் 1956 ஜூனில் இரண்டு வருட விதியைக் கொண்டுவந்தார்கள். பரிமாற்றத்தில் வந்தவர் வெளியே போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால்தான் நிரந்தரக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். 1961-ல் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் வந்து, இந்தப் பரிமாற்ற விருந்தாளிகளுக்கென்று தனி எழுத்தே ஒதுக்கியது. அதுதான் ஜே. 1970-ல் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அரசாங்கப் பணத்தில் வந்தவர்களுக்கும், ‘இந்த நாட்டுக்கு இந்தத் திறமை தேவை’ என்று வெளியிடும் பட்டியலில் இருப்பவர்களுக்கும் மட்டும் என்றார்கள். 1972-ல் முதல் பட்டியல் வந்தது. பிறகு 1984, 1997, 2009 என்று அவ்வப்போது மாற்றினார்கள்.

ஆக, ஜே என்பது வேலைக்காக உண்டாக்கின விசாவே இல்லை. ‘வா, பார், போய்ச் சொல்’ என்பதற்காக உண்டாக்கினது. வேலை அதில் ஒரு சாக்கு.

எச் பிறந்த கதை

எச் 1952-ல் பிறந்தது. தனிச்சிறப்பும் திறமையும் கொண்டவர், தற்காலிகமான ஒரு வேலைக்கு வந்து முடித்துவிட்டுப் போவார். அவருக்கு எச்-1. அப்போது எச்-1 வாங்கவும் ஊரில் ஒரு வீட்டை விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும், திரும்பும் எண்ணம் வேண்டும். ஜே-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் படிப்படியாக வந்தது. 1970-ல் ஆள்தான் தற்காலிகமாக வர வேண்டும், வேலை நிரந்தர வேலையாக இருக்கலாம் என்றார்கள். 1990-ல் எச்-1பி என்று பெயர் மாற்றி, ஒரு துறையில் பட்டம் கேட்கிற வேலை என்று வரையறுத்து, வருஷத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். சம்பளத்தைக் குறைக்க மாட்டேன் என்று முதலாளி தொழிலாளர் துறையில் எழுதித்தர வேண்டும். முக்கியமான விஷயம், திரும்பும் எண்ணம் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எச்-1பியில் இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது.

ஒரே காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்த ரெண்டு விசா, 1990-க்குப் பிறகு எதிரெதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தன. ஜே கேட்பது “எப்போ திரும்புவே?” எச் கேட்பது “யாருக்கு வேலை பார்க்கிறே?”

வாத்தியார் எச்-இல் மாட்டின கதை

எச்-1பி எழுதப்பட்டபோது பள்ளிக்கூடம் யார் நினைப்பிலும் இல்லை போலிருக்கிறது. 2000-ல் உச்சவரம்பிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த அமைப்புகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். சாதாரண அரசுப் பள்ளிக்கு அது கிடையாது. கணக்கு டீச்சர், என் டீம்காரனோடு அதே வரிசையில் நின்று அதே குலுக்கலில் கலந்துகொள்ள வேண்டும். 2007-ல் மனு வாங்க ஆரம்பித்த உடனேயே உச்சவரம்பைத் தாண்டிவிட்டதால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் பெயர் வந்தாலும் வேலை தொடங்கும் தேதி அக்டோபர் 1. பள்ளி திறப்பதோ ஆகஸ்டில். இரண்டு மாசம் அந்த வகுப்புக்கு யார் பாடம் எடுப்பது?

இதைவிட மோசமான ரெண்டு கதை உண்டு. ரெண்டிலும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள்.

முதல் கதை லூசியானா. 2007 முதல் 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரு ஏஜென்சி எச்-1பியில் கூட்டி வந்தது. ஒவ்வொருவரும் கட்டியது சுமார் 16,000 டாலர். பலர் வட்டிக்கு வாங்கிக் கட்டியது. முதல் தவணையைக் கட்டியபிறகுதான் அடுத்த தவணை எவ்வளவு என்றே சொன்னார்கள். வந்து இறங்கினபிறகு, இரண்டாம் வருஷச் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடு என்று இன்னொரு தாளை நீட்டினார்கள். 2010-ல் வழக்குப் போட்டார்கள். 2012 டிசம்பரில் நடுவர் குழு ஏஜென்சி தரப்பு 45 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது, வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி. அங்கே பள்ளி நிர்வாகம் கட்ட வேண்டிய விசா கட்டணங்களை ஆசிரியர்களே கட்டியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அது சம்பளத்தைக் குறைத்த மாதிரி. தொழிலாளர் துறை உள்ளே நுழைந்தது. 2011-ல் 1,044 ஆசிரியர்களுக்கு மொத்தம் 42 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நியாயம் கிடைத்தது என்று கைதட்டப் போகிறீர்களா? பொறுங்க. தண்டனையில் இன்னொரு வரி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு அந்த நிர்வாகம் புதிய மனுவும் போட முடியாது, பழைய விசாவை நீட்டிக்கவும் முடியாது. விசா காலம் முடிகிற ஆசிரியர்களுக்கு வேலையே போச்சு. தப்பு செய்தவர்களுக்குக் கொடுத்த அடி, பாதிக்கப்பட்டவர்கள் முதுகிலும் சேர்ந்து விழுந்தது.

1917-ன் கொக்கி ஞாபகம் இருக்கா? வேலை போனால் இருப்பும் போச்சு. தொண்ணூற்று நாலு வருஷம் கழித்தும் அதே கொக்கி, அதே இடத்தில்.

அதற்காக எச் மட்டும்தான் கெட்டது என்று நினைக்காதீங்க. மேரிலாந்தில் பணம் திரும்பக் கிடைத்ததே எச்-1பியில் சம்பளச் சட்டம் ஒன்று இருந்ததால்தான். ஜே-யை மேய்ப்பது தொழிலாளர் துறை இல்லை, வெளியுறவுத் துறை. ஸ்பான்சர் கட்டணத்தை ஆசிரியர் தலையில் போட அங்கே தடை இல்லை. எச்-இல் அடியும் உண்டு, போய் அழுவதற்கு ஒரு ஆபீஸும் உண்டு. ஜே-யில் அழ வேண்டியது பெரும்பாலும் ஸ்பான்சரிடமே.

அக்காவின் கணக்கு

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “வரலாறு கிடக்கட்டும்ல, எனக்கு எது?” என்றாள். டீச்சர் இல்லையா!

அவளிடம் வந்த எச்-1பி ஆள் ஒரு ஏஜென்சி. ஆறு லட்சம் ரூபாய். அதில் பாதி குலுக்கலுக்கு முன்னாடியே. குலுக்கலில் வரவில்லை என்றால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’. எந்தப் பள்ளி என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. லூசியானா கதையைக் கேட்டதும் அவளே அமைதியாகிவிட்டாள்.

ஜே-1 ஆள் ஒரு ஸ்பான்சர். அவர்களும் பணம் கேட்டார்கள். ஆனால் பள்ளி பெயர், சம்பளம், வகுப்பு எல்லாம் எழுத்தில் இருந்தது. குலுக்கல் கிடையாது. பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேரலாம். 2016-ல் திருத்தின விதிப்படி மூணு வருஷம், அதற்குமேல் ரெண்டு வருஷம் வரை நீட்டிக்க வழி உண்டு. முதல் இரண்டு காலண்டர் வருஷத்துக்கு சம்பளத்தில் 7.65 சதவீதம் போகும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் கிடையாது. அத்தான் வங்கியில் வேலை. ஜே-2வில் போய் வேலை அனுமதி கேட்கலாம். எச்-4 என்றால் 2015-க்கு அப்புறமும் அக்காவின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் கேட்கவே முடியும்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது அந்த இரண்டு வருட விதி. அது யாருக்குப் பொருந்தும் என்று விசா அதிகாரி டிஎஸ்-2019 என்ற தாளின் ஓரத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடுவார். அதுகூட முடிவான முடிவு இல்லை. அதனால் பொருந்தும்னே வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டோம். மகன் அப்போ ஏழாம் வகுப்பு முடிக்கப்போகிறான். மூணு வருஷம் என்றால் பதினொன்றாம் வகுப்புக்கு ஊரில். அஞ்சு வருஷம் என்றால் அங்கேயே பள்ளி முடிப்பான், ஆனால் கல்லூரிக்கு நாம் அங்கே இருக்க முடியாது.

“அக்கா, ஒரே கேள்விதான். நீ திரும்பி வரப் போறியா, இல்லையா? வரலைன்னா ஜே வேண்டாம். எத்தனை வருஷம் ஆனாலும் நல்ல எச் கிடைக்கிற வரைக்கும் காத்திரு. அந்தத் தாளை யார் கையில வச்சிருக்காங்கன்னு பாத்து எடு. வரப்போறேன்னா ஜே உனக்காகவே செஞ்சது.”

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் பெரியம்மா யாரையோ அதட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மாவுக்கு எழுபது ஆகுதுல. மூணு வருஷம் தாங்கும். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.”

ஜே-யில் கையெழுத்துப் போட்டாள். டிஎஸ்-2019-ல் டிக் ‘பொருந்தும்’ கட்டத்தில்தான் விழுந்தது. 2024 ஜூலையில் கிளம்பினாள். இப்போ வட கரோலினாவில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள்.

அப்புறம் நடந்தது

2024 டிசம்பர் 9-ம் தேதி வெளியுறவுத் துறை அந்தத் திறமைப் பட்டியலைப் பதினைந்து வருஷம் கழித்துத் திருத்தியது. புதிய பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லை. ஏற்கெனவே போனவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். அதாவது, அரசாங்கப் பணம் வாங்காமல் போன அக்காவுக்கு அந்த விதி இனிமேல் கிடையாது. ஏழு நாள் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கின் பெரிய எண்ணையே ஒருத்தர் அழித்துவிட்டார். (இன்னொரு சின்ன விதி அப்படியே இருக்கிறது. மறுபடியும் ஆசிரியர் ஜே-யில் போக வேண்டுமானால் இரண்டு வருஷம் வெளியே இருந்திருக்க வேண்டும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

2025 செப்டம்பரில் எச் பக்கம் இடி விழுந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கான எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஜனாதிபதி அறிவிப்பு. பெரிய மென்பொருள் கம்பெனியே யோசிக்கும் தொகை. ஒரு பள்ளிக்கூடம் இரண்டு உள்ளூர் டீச்சருக்கு வருஷச் சம்பளமே கொடுத்துவிடலாம்.

அன்னைக்கு அந்த ஏஜென்சிக்காரனிடம் அரைப் பணம் கட்டியிருந்தால் என்று நினைத்தால் இப்பவும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் நாங்கள் ஒன்றும் ஜோசியம் பார்த்து முடிவெடுக்கவில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 1956-ல் போட்டது 1970-ல் தளர்ந்து 2024-ல் நமக்கு மறைந்தது. 1952-ல் வந்தது 1990-ல் ஆளே மாறியது. மாறாமல் இருப்பது அந்த ரெண்டு கேள்விதான். திரும்புவியா? தாள் யார் கையில்?

போன் பண்ணி, “அக்கா, விதி போயிருச்சு, இனிமே நீ இஷ்டப்படி இருக்கலாம்” என்று சந்தோஷமாகச் சொன்னேன். “அப்படியால” என்றாள். அவ்வளவுதான். உடனே வேறு விஷயத்துக்குப் போய்விட்டாள்.

ஜே ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தன் ஊரை அங்கே உள்ள பிள்ளைகளுக்குக் காட்டுவது மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று விதி. ஃபுல்பிரைட் காலத்துப் பரிமாற்றத்தின் மிச்சம். அக்கா தன் புது வகுப்பையும் பாளையங்கோட்டை பழைய வகுப்பையும் வீடியோவில் இணைத்தாள். அங்கே காலை எட்டு மணி, இங்கே மாலை ஐந்தரை. நம்ம பிள்ளைகள் பள்ளி விட்டபிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்களாம். ரெண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போட்டார்கள். யார் ஜெயித்தது என்று அவள் சொல்லவில்லை.

கடைசியில் கேள்வி நேரம். இங்கிருந்து முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, தமிழிலேயே கேட்டாளாம்:

“மிஸ், எப்ப திரும்பி வருவீங்க?”